மக்காச்சோளம் விளைஞ்சாதான் அட்வான்ஸ் திரும்பும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே சுருக்கப்பட்டுள்ளது.)

வாடகை வீடு காலி பண்ணின அனுபவம் இருக்கா? ஓனர் உள்ளே வந்து ஆணி அடிச்ச ஓட்டை, அடுப்படிக் கறைன்னு ஒவ்வொண்ணா பார்ப்பார். எல்லாம் சரியா இருந்தாத்தான் அட்வான்ஸ் முழுசா கைக்கு வரும். இன்னிக்குப் பேசப்போறதும் கிட்டத்தட்ட அதே கதைதான். ஆனா இங்கே காலி பண்றது வீடு இல்ல, நிலக்கரிக்காகத் தோண்டின வயல்.

இடம், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம். மேலே மக்காச்சோளமும் சோயாவும் நல்லா விளையற மண். கீழே நிலக்கரி. கரி அதிக ஆழத்துல இல்லைன்னா சுரங்கப்பாதை வெட்ட மாட்டாங்க. மேலே இருக்கிற மண், பாறை எல்லாத்தையும் வாரி ஓரமா தள்ளிட்டு கரியை எடுப்பாங்க. ஒரு காலத்துல, எடுத்து முடிச்சதும் பல இடங்களை அப்படியே விட்டுட்டுப் போனாங்க. வயல் இருந்த இடத்துல வரிசையா மண்மேடு, ஓரத்துல தண்ணி தேங்கின பள்ளம்.

முதல்ல பணத்தை வை

1977 ஆகஸ்ட் 3 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். மேற்பரப்புச் சுரங்கக் கட்டுப்பாடு, மீட்புச் சட்டம். இதன்படி பெர்மிட் இல்லாம தோண்ட முடியாது. பெர்மிட் கேட்கும்போதே நிலத்தை எப்படித் திரும்ப உருவாக்கப் போறோம்னு திட்டம் தரணும். கூடவே ஒரு பிணைத்தொகையும் கட்டணும். கம்பெனி பாதியில ஓடிப்போனா, அந்தப் பணத்துல அரசே மிச்ச வேலையை முடிக்கும். இதுதான் நம்ம அட்வான்ஸ்.

முதல்தர விளைநிலம்னா விதி இன்னும் கறார். தோண்டும் முன்பே மண் ஆய்வு நடக்கணும். மேல்மண்ணைத் தனியா, அடிமண்ணைத் தனியா எடுத்து, கலக்காம குவிச்சு வைக்கணும். கரி எடுத்ததும் குழியை மூடி, அடிமண் கீழே, மேல்மண் மேலேன்னு அதே வரிசையில பரப்பணும். வேர் இறங்கறதுக்கான மண் பொதுவா 48 அங்குலம், அதாவது 4 அடி இருக்கணும்.

எல்லாம் சரி, விளைச்சல் எங்கே?

இங்கேதான் சிக்கல். மண்ணை வரிசை மாறாம போட்டும் பல வயல்கள்ல விளைச்சல் வரலை. இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல வருஷம் சோதனை வயல் போட்டுப் பார்த்தாங்க. பெரிய குற்றவாளியா மாட்டினது இறுக்கம்.

மண்ணைப் பரப்ப ஸ்க்ரேப்பர்னு ஒரு ராட்சச வண்டி ஓட்டுவாங்க. ஒவ்வொரு தடவையும் அது இப்பதான் போட்ட மண் மேலயே ஏறிப் போகும். நல்ல மண்ணுக்குள்ள மண்புழு போன வழி, பழைய வேர் விட்ட ஓட்டைன்னு கணக்கில்லாத இடைவெளி இருக்கும். தண்ணியும் காத்தும் அது வழியாத்தான் போகும். வண்டி ஏறினா அத்தனையும் நசுங்கிடும். மேலே பார்த்தா சமமான, அழகான வயல். கீழே வேர் நுழைய முடியாத கட்டி. மழை சரியா பெய்யற வருஷம் பயிர் சமாளிச்சுடும். கோடையில ரெண்டு வாரம் மழை தப்பினா, ஆழத்துல ஈரம் இருந்தும் வேருக்கு எட்டாது.

தீர்வும் அங்கிருந்தே வந்துச்சு. ஏற்கெனவே போட்ட மண் மேல ஏறாம, லாரியில கொண்டுவந்து ஓரத்துல இருந்தே கொட்டலாம். இல்லைன்னா நெய்வேலியில பார்க்கிற மாதிரி பக்கெட் வீல் எந்திரத்தால வெட்டி, கன்வேயர் பெல்ட்டுல கொண்டுபோய்ப் பரப்பலாம். ஏற்கெனவே இறுகிப்போன மண்ணுன்னா, 4 அடி வரைக்கும் இறங்கற கலப்பையால உடைச்சுவிடணும்.

சாட்சி சொல்ல வேண்டியது பயிர்

சரி, நிலம் திரும்பிடுச்சுன்னு யார் முடிவு பண்றது? இந்தச் சட்டத்துல எனக்குப் பிடிச்ச இடமே இதுதான். பச்சையா இருக்குன்னு போட்டோ காட்டினா போதாது. பயிர் வச்சு அறுத்து, எடை போட்டுக் காட்டணும். அந்த வட்டாரத்துல தோண்டப்படாத அதே வகை மண்ணுல, அதே அளவு பராமரிப்புல என்ன விளையுதோ, அதுக்குக் குறையக்கூடாது. ஒரு வருஷ அதிர்ஷ்டம் செல்லாது. குறைஞ்சது 3 பயிர் வருஷங்களோட சராசரி வேணும். அங்கே பரவலா விளையற பயிர்கள்ல, ஆழமா வேர் விடற பயிரும் இந்தச் சோதனையில இருக்கணும். மக்காச்சோளம் ஏமாத்த முடியாத சாட்சி.

குழியை மூடிச் சமன் பண்ணினா பிணைத்தொகையில 60 சதவீதம் வரை திரும்பலாம். முதல்தர விளைநிலத்துக்கு அடுத்த தவணை விளைச்சலை நிரூபிச்ச பிறகுதான். நிலத்தைக் குத்தகைக்கு விட்ட விவசாயிக்கு இது வெறும் கணக்கு இல்ல. மண் இறுகினது தெரியாம கம்பெனி கணக்கு முடிச்சுட்டுப் போனா, அடுத்த வறட்சியில நஷ்டம் முழுக்க அவர் தலையில விழும்.

இனிமே எங்கயாவது 'சுரங்க நிலம் மீட்கப்பட்டது'ன்னு ஒரு பச்சைப் படம் பார்த்தீங்கன்னா மூணு கேள்வி கேளுங்க. அங்கே என்ன விளைஞ்சது? எத்தனை வருஷம் விளைஞ்சது? அதுவரைக்கும் அட்வான்ஸ் யார் கையில இருந்தது?