சக்கரம் சுற்றிய நாய்

தாமஸ் பியூவிக், ‘நாற்கால் விலங்குகளின் பொது வரலாறு’
நியூகாசில், இங்கிலாந்து, 1790. மரச்செதுக்கு அச்சு

நீண்ட உடல், வளைந்த குட்டைக் கால்கள். பழைய இங்கிலாந்தின் பெரிய சமையலறைகளில் வேலை பார்த்த நாய் இது. அடுப்புக்கு அருகே, சுவரில் உயரப் பொருத்திய மரச்சக்கரத்துக்குள் இது ஓட ஓட, தீயின் முன் இறைச்சி கோத்த கம்பி சுழலும். இறைச்சி வேகும்வரை ஓட்டம் நிற்காது.

விலங்கியல் நூல்கள் பலவற்றில் படங்களைத் தனித் தாமிரத் தகட்டில் அச்சிட்டுச் சேர்த்தார்கள். பியூவிக் கடினமான பாக்ஸ் மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் நுண்ணிய உளியால் செதுக்கினார். உளி பட்ட இடம் தாளில் வெள்ளையாக விழும். விட்ட இடம் கறுப்பு. மரக்கட்டையை எழுத்துகளோடு சேர்த்தே அச்சிடலாம். அதனால் சிங்கத்தையும் யானையையும் பற்றிய அதே நூலில், வேட்டை நாய்களோடு இந்த அடுக்களை நாய்க்கும் சொந்தப் படமும் விவரமும் கிடைத்தன. இந்நூலின் பெருமையே அதுதான்.

கம்பியைச் சுழற்ற இயந்திரங்கள் வந்தபின் இந்த இனத்தை வளர்ப்பார் இல்லை, அது அழிந்துபோனது. பாடம்செய்த ஒரு நாய் வேல்ஸின் அபெர்கவென்னி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கால்களின் வளைவை அங்கேயும் காணலாம்.