பௌர்ணமிக்குப் பொங்கும் மலாக்கா கடல்

மலாக்கா நீரிணைப் பள்ளிவாசலுக்குப் போய்வந்த இரண்டு பேரின் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் படத்தில் கட்டடம் தண்ணீரில் மிதக்கும். இன்னொருவர் படத்தில் தூண்கள் வெளியே தெரியும். 2006-இல் திறக்கப்பட்ட அந்தப் பள்ளிவாசல் தூண்கள்மேல் அசையாமல்தான் நிற்கிறது. ஏறி இறங்குவது கடல்.

நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறும், இரண்டு முறை வற்றும். கரையோரத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் ஏன் எல்லா நாளும் ஒரே அளவுக்கு ஏறுவதில்லை?

கடலை ஆட்டுபவர்கள் இரண்டு பேர். நிலவின் ஆட்டம் ஒருமுறை ஏறி இறங்க 12 மணி 25 நிமிடம் பிடிக்கும். சூரியனின் ஆட்டத்துக்கு 12 மணி நேரம். நிலவின் பலம் 100 என்றால் சூரியனுக்கு 46தான். இரண்டும் ஊஞ்சல்போல் சீரானவை. இயற்பியல் இதைத் தனிச்சீரிசை இயக்கம் என்கிறது. இரண்டையும் கூட்டினால் வருவதுதான் நாம் பார்க்கும் கடல்மட்டம்.

பௌர்ணமியிலும் அமாவாசையிலும் இரண்டு ஆட்டமும் ஒன்றாக உச்சிக்குப் போகும்: 146. ஆனால் நிலவு ஒவ்வொரு முறையும் 25 நிமிடம் பிந்துகிறது. நாளுக்கு 50 நிமிடம் என்று சேர்ந்து, ஏழு நாளில் ஏறக்குறைய 6 மணி நேரம். அப்போது நிலவு ஏற்றும் நேரத்தில் சூரியன் இறக்கும்: மிஞ்சுவது 54. அதே இருவர், அதே பலம். மாறியது யார் முந்தி, யார் பிந்தி என்பது மட்டும்தான். அதற்குத்தான் கட்ட வேறுபாடு என்று பெயர். (இடைநிலைப் பள்ளியில் ‘ஃபேஸ்’ என்று மனப்பாடம் செய்தோமே, அதேதான்.)

வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியே இதைச் சொல்லிவிடும். பௌர்ணமி, அமாவாசைக்குப் பெரிய ஏற்றம். அஷ்டமியை ஒட்டிச் சிறிய ஏற்றம். மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக்கு ரதம் போகும் நாள்களில் கடலும் பெருகியிருக்கும். உச்சம் ஓரிரு நாள் தள்ளி வருவதும் உண்டு.

பலர் கவனிக்காத ஒன்று: அதிகம் ஏறும் நாளில்தான் கடல் அதிகம் வற்றவும் செய்யும். தூண் தெரியும் அந்தப் படமும் பௌர்ணமியன்றே எடுத்ததாக இருக்கலாம். தஞ்சோங் பிடாராவிலோ கிளேபாங்கிலோ பிள்ளைகள் வெகுதூரம் நடந்துபோக ஆசைப்படுவதும் அன்றைக்குத்தான். வற்றிய தண்ணீர் முழுவதும் அதே 6 மணி நேரத்தில் திரும்பியாக வேண்டும். வழக்கத்தைவிட வேகமாக வரும். அந்த ஏற்றத்தோடு கனமழையும் சேர்ந்தால் கால்வாய்த் தண்ணீர் கடலுக்குள் இறங்க வழியில்லாமல் தெருவுக்கு வரும்.

உண்மையில் ஆட்டங்கள் இரண்டோடு முடிவதில்லை. நிலவு நெருங்கி விலகுவதற்கு ஒன்று, சாய்ந்து செல்வதற்கு ஒன்று என்று நீளும். 1870-களில் கெல்வின் செய்த இயந்திரத்தில் ஆட்டத்துக்கு ஒரு சக்கரம். எல்லாவற்றின்மேலும் ஓடும் ஒரே கயிறு. அதன் நுனியில் கடல்மட்டத்தை வரையும் பேனா. இன்று அந்தக் கூட்டலைக் கணினி செய்கிறது. நில அளவை, வரைபடத் துறையான ஜூபெம் ஆண்டுதோறும் கடல் ஏற்ற வற்ற அட்டவணை வெளியிடுகிறது. தஞ்சோங் கிளிங்கில் அதன் அளவை நிலையமும் உண்டு. கடற்கரைக்குக் கிளம்புமுன் வற்றம் எத்தனை மணிக்கு என்று அதில் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் திரும்பத் தொடங்குவது அந்த நேரத்திலிருந்துதான்.