அச்சுப் பிழையா, அடிபட்ட காசா?

பவானிபூர், லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பழைய காசு இல்லாத வீடு அபூர்வம். பூஜை அறைச் செம்பில் இரண்டு வெள்ளி ரூபாய், தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு பிடி ஓட்டைக் காலணா என்று ஏதாவது கிடக்கும். காசு சேர்ப்பவன் என்பதால் அன்பர்கள் அவற்றை என்னிடம் கொண்டுவந்து காட்டுவதுண்டு. "எழுத்து கோணலா விழுந்திருக்கு சார், லட்சத்துக்குப் போகுமாமே?" என்பதுதான் முதல் கேள்வி.

அக்கசாலையிலேயே நேர்ந்த பிழைக்குச் சேகரிப்போர் கூடுதல் விலை தருவார்கள். வெளியே வந்தபின் பட்ட அடிக்கு விலை குறையும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால், அடிபட்ட காசைப் பிழைக்காசு என்று சொல்லி நம் தலையில் கட்டுவோரும் இருக்கிறார்கள்.

சென்னைத் தங்கசாலை 1869-இல் மூடப்பட்டது. அதன்பின் தமிழ்நாட்டில் புழங்கிய ரூபாயும் அணாவும் பெரும்பாலும் கல்கத்தாவிலோ பம்பாயிலோ அடித்தவை. 1829-இல் திறந்த ஸ்டிராண்ட் ரோடு அக்கசாலையில் பிறந்து, தஞ்சாவூர்ப் பக்கம் போய், நம்மோடு ரயிலேறி மறுபடி இங்கேயே வந்த காசுகள் நம் பெட்டிகளில் இருக்கக்கூடும். (இப்போதைய அலிப்பூர் அக்கசாலை 1952-இல் வந்தது.)

உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லை வெட்டி, ஒரு வளையத்துக்குள் வைத்து, மேலச்சுக்கும் கீழச்சுக்கும் நடுவே அழுத்துவார்கள். அச்சில் பள்ளமாக இருப்பது காசில் மேடாக வரும். இதை மனசில் வைத்துக்கொண்டால் பாதிச் சந்தேகம் தீரும். அச்சு விரிசல் விட்டிருந்தால் உலோகம் அதற்குள் ஏறி, காசின் முகத்தில் நூல் போல மேட்டுக் கோடு விழும். பின்னால் விழுந்த கீறலோ பள்ளம். அதன் கரையில் ஒதுங்கிய உலோகம் லென்ஸில் தெரியும்.

ஓட்டைக் காலணா 1943 முதல் 1947 வரை வந்தது. போர்க்காலச் சிக்கனத்தில் எடை 2 கிராம்தான். வில்லையில் துளை போட்ட பிறகே அச்சடித்தார்கள். துளை விழாத வில்லை தப்பிப் போயிருந்தால் நடு மூடிய காசு கிடைக்கும், அது பிழைக்காசு. ஓட்டையை யாராவது அடைத்திருந்தால் சுற்றிலும் மெல்லிய வட்டக் கோடும் நிற வேறுபாடும் காட்டிக்கொடுக்கும்.

வெள்ளி ரூபாயில் ராணி தலைக்கு மேல் இருக்கும் துளை வேறு கதை. அது நம் பாட்டிமார் காசுமாலைக்கும் அரைஞாணுக்கும் போட்டது. துளை எழுத்தை வெட்டிக்கொண்டு போயிருக்கும், ஒரு பக்கம் பிசிறு நிற்கும். காது பற்றவைத்துப் பின் கழற்றியிருந்தால் விளிம்பில் பற்றாசுத் தடமும் அரம் போட்ட வரிகளும் இருக்கும். எடையும் பார்க்கலாம்: நல்ல ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம்.

அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையின் ஒரு முகத்தில் அதன் உருவம் கண்ணாடிப் பிம்பமாகக் குழிந்து விழும். இதற்கு நல்ல விலை. இரண்டு காசைப் பட்டறை வைஸில் நெரித்துப் போலி செய்வதும் இதனால்தான். அசலில் மறுமுகம் கூர்மையாக இருக்கும். நெரித்ததில் மறுமுகம் நசுங்கியிருக்கும்.

விளிம்பில் பிறை போலக் குறை இருந்தால் நேர் எதிர் விளிம்பைப் பாருங்கள். வில்லையே குறையாக வெட்டுப்பட்டிருந்தால் அங்கும் விளிம்பு பெரும்பாலும் மங்கியிருக்கும். பிற்பாடு யாரோ கத்தரித்ததென்றால் எதிர்ப்பக்கம் முழுசாக நிற்கும்.

1911-ஆம் ஆண்டுப் 'பன்றி ரூபாய்' பற்றியும் கேட்கிறார்கள். ஐந்தாம் ஜார்ஜின் அங்கியிலிருந்த யானை பன்றி போலத் தெரிந்ததால் எதிர்ப்பு கிளம்பி, அரசு அந்த ரூபாயைத் திரும்பப் பெற்று உருக்கியது. 1912-இல் யானையைத் திருத்தினார்கள். அது சித்திரக் குறையே தவிர அச்சுப் பிழை அல்ல. ஆனாலும் மதிப்புண்டு, எடுத்து வையுங்கள்.

வருஷம் தெரியாத செப்புக்காசுகளில் பலவும் வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் தேய்த்தே அப்படி ஆனவை. மாமிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம்! காட்ட வருபவர்கள் தயவுசெய்து தேய்க்காமல், அழுக்கோடேயே கொண்டுவாருங்கள்.