காற்றில் ஏறும் பூச்சிமருந்து

காற்று மாசு என்றவுடன் ஆலைப் புகையும் மோட்டார் வண்டியுமே நம் நினைவுக்கு வருகின்றன. வயலில் தெளிக்கும் பூச்சிமருந்தும் காற்றைக் கெடுக்கும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நம் சட்டங்களும் அதைப் போதிய அளவு எண்ணவில்லை என்பதையே இங்குக் கூற விழைகிறேன்.

மருந்து காற்றில் கலப்பது எங்ஙனம்? வழிகள் இரண்டு. முதலாவது, தெளிக்கும்போதே துளிகள் காற்றோடு போய்விடுவது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு குறுக்களவுள்ள துளி, 3 மீட்டர் உயரத்திலிருந்து தரையைத் தொட ஏறத்தாழ 10 விநாடி ஆகும். அதனினும் ஐந்து மடங்கு சிறிய நுண்துளிக்கோ 4 நிமிடம் வேண்டும். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் இளங்காற்றில் பெரிய துளி சுமார் 14 மீட்டருக்குள் விழுந்துவிடும். சிறியது, வழியில் உலர்ந்து போகாவிடில், 300 மீட்டரையும் தாண்டும். இரண்டாவது வழி, இலையிலும் மண்ணிலும் படிந்த மருந்து ஆவியாகி எழுவது. தெளித்தவர் வீடு திரும்பிய பின்னும் இது சில நாட்கள் நடைபெறும்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1958-ஆம் ஆண்டு கேரளத்தில் பாரத்தியான் கலந்த உணவை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அத்துயரத்தின் பின்னரே 1968-இல் பூச்சிமருந்துச் சட்டம் பிறந்தது. மருந்தைப் பதிவு செய்வது, விற்க உரிமம் பெறுவது, புட்டியில் எச்சரிக்கை ஒட்டுவது ஆகியவற்றை அது கவனிக்கிறது. உணவில் எஞ்சும் மருந்துக்கும் தனியே வரம்பு உண்டு. காற்றுக்கென 1981-இல் ஒரு சட்டம் வந்தது. ஆனால் 2009-இல் வகுத்த தேசியக் காற்றுத்தர அளவுகளில் இடம்பெற்ற 12 பொருள்களில் பூச்சிமருந்து ஒன்றுகூட இல்லை! புட்டியில் இருக்கும்போதும் சோற்றில் இருக்கும்போதும் கணக்குக் கேட்கிறோம்; இடையே காற்றில் செல்லும்போது கேட்பதில்லை.

இக்குறையின் பொருளைக் காசர்கோடு காட்டுகிறது. அங்கு முந்திரித் தோட்டங்களின் மேல் 2000-ஆம் ஆண்டு வரை இருபது ஆண்டுகளுக்கு மேலாக எண்டோசல்ஃபானை ஹெலிகாப்டரில் தெளித்தனர். வானிலிருந்து தெளிப்பதானால் 24 மணி நேரம் முன்னதாக மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. பின்னர் ஊரார் மூச்சிழுக்கும் காற்றை அளந்து பார்க்க வேண்டும் என்று அவை கூறவில்லை. பிறவிக் குறைகளும் நரம்பு நோய்களும் மிகுந்துவிட்டதாக மக்கள் முறையிட்டனர். காரணம் மருந்துதானா என்ற வாதமோ ஆண்டுக்கணக்கில் நீண்டது. எவர் எவ்வளவு நஞ்சைச் சுவாசித்தார் என்பதற்கு அன்றைய அளவீடுகள் இருந்திருந்தால் வாதம் இவ்வளவு நீண்டிருக்குமா? 2011-இல் உச்ச நீதிமன்றம் அம்மருந்தை நாடெங்கும் தடுத்தது. பாதிக்கப்பட்டோருக்குத் தலைக்கு 5 இலட்சம் ரூபாய் வழங்க 2017-இல் ஆணையிட்டது.

இன்று ஹெலிகாப்டர் போய் டிரோன் வந்துள்ளது. 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு டிரோன் வழங்கும் திட்டத்தை மத்திய அரசு 2023-இல் ஏற்றது. முதுகில் விசைத்தெளிப்பான் சுமந்து நஞ்சில் நனையும் கூலியாளுக்கு இது பெரிய விடுதலை, வரவேற்கிறேன். ஆனால் மருந்து மீண்டும் மேலிருந்து விழுகிறது என்பதை மறத்தலாகாது.

செய்யத்தக்கவை அரியன அல்ல. நுண்துளியைக் குறைக்கும் தெளிப்பு முனைகளைப் பயன்படுத்தலாம். காற்று பலமாக வீசும் வேளையில் தெளிப்பதை நிறுத்தலாம். பள்ளிக்கும் குடியிருப்புக்கும் அருகே இடைவெளி விடலாம். இவற்றோடு, காற்றை அளப்பதும் வேண்டும். கலிபோர்னியாவில் 2011 முதல் வேளாண் ஊர்களின் காற்றில் பூச்சிமருந்தைத் தொடர்ந்து அளந்து வருகின்றனர். நம்மால் ஏன் இயலாது?

உழவரைக் குற்றவாளி ஆக்குவது என் நோக்கமன்று. அந்தக் காற்றை முதலில் சுவாசிப்பவர் அவரே. இரசாயனமும் சட்டமும் பயிலும் நண்பர்கள் நம் சங்கத்தில் பலர் இருக்கின்றனர். காற்றுத்தரப் பட்டியலில் பூச்சிமருந்துக்கும் ஓர் இடம் கேட்கும் வேலையை அவர்கள் தொடங்கலாமே!