கண்ணுக்குத் தெரியாத ஒளியில் ஒரு காடு

ஓர் இலையைப் பறித்துக் கையில் வைத்துப் பாருங்கள். ஏன் பச்சையாகத் தெரிகிறது? சிவப்பையும் நீலத்தையும் பச்சையம் உட்கவர்ந்துகொண்டு, பச்சையில் ஒரு சிறு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. இது உங்கள் பாடநூலிலேயே உண்டு. ஆனால் இலை மிகுதியாகத் திருப்பி அனுப்புவது பச்சையை அன்று! நம் கண் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள அலைநீளங்களையே காணும். அதற்குச் சற்று அப்பாலுள்ள அகச்சிவப்புக் கதிர்களில், நலமான இலை தன்மேல் விழுவதில் ஏறத்தாழப் பாதியைத் திருப்பிவிடுகிறது. இலைக்குள் இருக்கும் செல்சுவர்களும் காற்றிடைவெளிகளும் அவற்றைச் சிதறடிப்பதே காரணம். அகச்சிவப்பைக் காணும் கண் நமக்கு இருந்தால், காட்டைப் பார்க்கக் கண் கூசும்.

அப்படிப்பட்ட கண்ணை அமேசான் காட்டின்மேல் கொண்டு சென்றார் அயர்லாந்துக் கலைஞர் ரிச்சர்ட் மாஸ். அவரது 'புரோக்கன் ஸ்பெக்டர்' என்னும் படம் 2022-இல் வெளிவந்தது. அதன் வான்காட்சிகளை எடுத்த காமிரா, ஒரே காட்சியைப் பல அலைநீளப் பட்டைகளில் தனித்தனியே பதிவு செய்வது. காடு அழிக்கப்படுவதுதான் படத்தின் பொருள். சட்டவிரோதத் தங்கச் சுரங்கமும் அதில் அடக்கம்.

அச்சுரங்கத்தில் என்ன நடக்கிறது? ஆற்றோர மண்ணை நீர் பீய்ச்சிக் கரைத்து, பாதரசம் சேர்க்கிறார்கள். பொன் துகள்கள் அதனுடன் கூடி இரசக்கலவை ஆகின்றன. சூடாக்கினால் பாதரசம் 357 டிகிரி செல்சியசில் கொதித்து ஆவியாகிவிடும், பொன் எஞ்சும். போன ஆவி போனதுதானா? இல்லை. மழையோடு ஆற்றில் இறங்குகிறது. நுண்ணுயிர்கள் அதை மெதில் பாதரசமாக மாற்றுகின்றன. பிறகு மீனுக்கும், மீன் உண்பவரின் நரம்பு மண்டலத்துக்கும் செல்கிறது. பிரேசிலில் யானோமாமிப் பழங்குடியினரின் நிலம் 1992-இல் சட்டப்படி வரையறுக்கப்பட்டது. ஆயினும் சுரங்கக்காரர்கள் நுழைந்தார்கள். 2023 ஜனவரியில் அங்கே சுகாதார நெருக்கடி நிலையை அரசே அறிவிக்க நேர்ந்தது. (இம்மக்களை 1970-களிலேயே அகச்சிவப்பு பிலிமில் படம் பிடித்தவர் கிளாடியா அந்துஹார். நில வரையறைக்காகப் பல ஆண்டுகள் போராடியவரும் அவரே.)

இனி, நிறத்துக்கு வருவோம். அகச்சிவப்புக்கு நிறமே கிடையாது. ஆகவே அதற்கு ஒரு நிறத்தை நாமே கொடுக்கிறோம், வழக்கமாகச் சிவப்பு. அப்போது செழித்த காடு செக்கச்செவேலென்று தெரியும். தண்ணீர் அகச்சிவப்பை விழுங்கிவிடுவதால், நீர் தேங்கிய குழிகள் இருண்டு தனித்து நிற்கும். "இது பொய் வண்ணம் அல்லவா?" என்று கேட்பீர்கள். வண்ணம்தான் நாம் கொடுத்தது. இடத்துக்கு இடம் உள்ள வேறுபாடு மெய்யானது, அளந்தறிந்தது. இதே நுட்பத்தால் கனிமம் தேடுவோரும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அழிவு இத்தனை அழகாகத் தெரிவது எனக்குச் சற்று உறுத்தலாகவே இருக்கிறது. ஆனால் இதே படத்தில் ஒரு யானோமாமிப் பெண் காமிராவை நேரே நோக்கிக் கோபத்துடன் பேசுகிறார். அந்தப் பகுதியில் வண்ணம் இல்லை, கறுப்பு வெள்ளைதான்.