ஓவர்கிளாக் ஆசையும் ராஜபாளையத்துப் பஞ்சும்

ராஜபாளையத்தில் மில் பக்கமோ தறி ஓடும் தெருவிலோ இரண்டு வருடம் ஓடிய கேமிங் லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றி விசிறியைத் தூக்கிப் பார்த்தால், ஹீட்சிங்கின் வாயை அடைத்துக்கொண்டு சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை ஒட்டியிருக்கும். இடுக்கியால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் கிழியாமல் ஒரே துண்டாக வரும். வெறும் மண்தூசி என்றால் உதிர்ந்துவிடும். இது இழையோடு இழை பின்னி ஒட்டிக்கொண்ட பஞ்சு.

பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலத்திலிருந்து நூற்பு இந்த ஊரின் பிழைப்பு. பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். பஞ்சு பறக்கும் என்பது மில்காரர்களுக்குத் தெரியும். அதனால் ஸ்பின்னிங் மெஷின்களுக்கு மேலே தண்டவாளம் போட்டு, ஊதவும் உறிஞ்சவும் ஒரு கருவியை நாள் முழுக்க ஓடவிடுகிறார்கள். லேப்டாப் வாங்கியவருக்கு அந்தப் பழக்கம் வருவதில்லை. "முதல்ல நல்லாத்தான் ஓடுது, பத்து நிமிஷம் போனா லேக் அடிக்குது" என்று வந்து நிற்கும்போதுதான் மூடி கழல்கிறது.

அந்தப் பத்தாவது நிமிடத்தில் நடப்பதற்குத் த்ராட்லிங் என்று பெயர். பழுது என்று நினைத்துப் பலர் பயப்படுகிறார்கள். சிப் தன்னைக் காத்துக்கொள்ளும் வேலைதான் அது. இன்டெலின் பெரும்பாலான கேமிங் லேப்டாப் சிப்களுக்கு வரம்பு 100 டிகிரி செல்சியஸ். ஏஎம்டி ரைசனில் மாடலைப் பொறுத்து 95 முதல் 105 வரை. அந்த வரம்பைத் தொட்டதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. நான்கு கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடியது இரண்டுக்கு இறங்கும். சூடு தணிந்ததும் மறுபடி ஏறும், மறுபடி இறங்கும். திரையில் நாம் பார்க்கும் வெட்டி வெட்டி ஓடும் ஆட்டம் இந்த ஏற்ற இறக்கம்தான்.

இந்தச் சூட்டோடு ஓவர்கிளாக்கும் செய்தால், அதாவது சிப்பைக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டினால், என்ன ஆகும்? கணக்கு எளிது. சிப் தின்னும் மின்சாரம் அதன் வேகத்துக்கு ஏற்பவும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பவும் கூடும். வேகத்தைப் 10 சதவீதம் ஏற்றி, அது தாங்குவதற்காக வோல்டேஜையும் 10 சதவீதம் ஏற்றினால், 1.1-ஐ மூன்று முறை பெருக்க வேண்டும், விடை 1.33. பத்து சதவீத வேகத்துக்கு முப்பத்து மூன்று சதவீதம் கூடுதல் சூடு. பெரிய கேபினெட்டில் கைப்பிடி அளவு ஹீட்சிங்க் போட்டிருக்கும் டெஸ்க்டாப் இதைத் தாங்கும். 1998-ல் வந்த இன்டெல் செலரான் 300ஏ சிப்பை 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டிப் பார்த்த தலைமுறை அப்படித்தான் ஓவர்கிளாக் பைத்தியம் பிடித்து அலைந்தது. லேப்டாப்பின் கதை வேறு. கோர் ஐ7-12700ஹெச் சிப்பின் அடிப்படை 45 வாட், உச்சம் 115 வாட். அதே பெட்டிக்குள் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் சிப் தன் பங்குக்கு 115 வாட் வரை இழுக்கும். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன் 25 வாட்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். இத்தனை சூடும் விரற்கடை தடிமனுள்ள பெட்டியிலிருந்து, இரண்டு சின்ன விசிறி வழியாக வெளியே போயாக வேண்டும்.

போகும் இடத்துக் காற்றும் குளிர்ந்ததில்லை. விசிறியால் அறைக் காற்றைவிடக் கீழே எதையும் குளிர்விக்க முடியாது. ஒரே ஆட்டம், ஒரே விசிறி வேகம் என்றால், அறையின் சூடு ஒரு டிகிரி கூடும்போது சிப்பின் சூடும் ஏறக்குறைய ஒரு டிகிரி கூடும். 24 டிகிரி ஏசி அறையில் 88-ல் நின்ற சிப், ஸ்ரீவில்லிபுத்தூரில் மே மாத மதியம் 36 டிகிரி அறையில் நேராக 100-ஐத் தொட்டுவிடும். வெயிலைக் குடித்த மொட்டைமாடி அறையில் இரவு பத்து மணிக்கும் இதே நிலைதான். வாங்கும்போது நாம் பார்த்த ரிவ்யூ வீடியோவில் ஓடியது பெரும்பாலும் ஏசி அறைக் கணக்கு.

பெரிய கம்பெனிகளும் இதில் சறுக்கியிருக்கின்றன. 2018-ல் ஆப்பிள் மேக்புக் ப்ரோவில் கோர் ஐ9 போட்டு விற்றது. ஓவர்கிளாக் செய்யப் பூட்டில்லாமல் வந்த சிப் வரிசை அது. அதிக வேலை கொடுத்தால் முந்தைய வருட மாடலைவிட மெதுவாக ஓடுகிறது என்று டேவ் லீ என்ற யூடியூபர் காட்டினார். லேப்டாப்பை ஃப்ரீசரில் வைத்து ஓட்டியபோது அதே வேலை சட்டென்று முடிந்தது. சில நாளில் ஆப்பிள் ஃபர்ம்வேரில் ஒரு பிழை இருந்ததாகச் சொல்லி அப்டேட் கொடுத்தது. (ஃப்ரீசர் யோசனையை வீட்டில் முயல வேண்டாம். வெளியே எடுத்ததும் போர்டில் நீர் கோத்துக்கொள்ளும்.)

எல்லா வேகக் குறைவும் சூட்டால் வருவதில்லை. எப்போது குறைகிறது என்று கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும். ஆட்டம் தொடங்கி அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் ஒரு படி இறங்கி அங்கேயே நின்றால், அது கம்பெனி வைத்த வாட் வரம்பு. உச்ச வாட்டைக் கொஞ்ச நேரத்துக்குத்தான் அனுமதிக்கிறார்கள். ஐந்து, பத்து நிமிடம் கழித்து ஏறி இறங்கத் தொடங்கினால் சூடு. சார்ஜரைப் பிடுங்கிய நொடியில் படுத்துவிட்டால் பேட்டரியால் அவ்வளவு வாட் தர முடியவில்லை என்று அர்த்தம். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிகிரி, வாட், வேகம் மூன்றையும் காட்டும். த்ராட்லிங் நடந்ததா என்பதற்குத் தனி வரியே உண்டு.

சூடுதான் காரணம் என்றால் முதல் வேலை ஓவர்கிளாக்கை எடுத்துவிடுவது. என் கருத்தில் நம் ஊர் வெயிலில் லேப்டாப்புக்கு ஏற்றது அதன் தலைகீழ் வேலையான அண்டர்வோல்ட். வேகத்தை அப்படியே விட்டு வோல்டேஜை மட்டும் 10 சதவீதம் குறைத்தால், அதே வர்க்கக் கணக்குப்படி ஏறக்குறைய 19 சதவீதம் சூடு குறையும். அந்த இடைவெளியில் சிப் உச்ச வேகத்தில் அதிக நேரம் நிற்கும். எல்லாச் சிப்பும் 10 சதவீதம் தாங்காது. கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஆட்டம் நின்றுபோனால் ஒரு படி மேலே வர வேண்டும். கிராபிக்ஸ் சிப்புக்கு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போதும். இன்டெல் பக்கம் ஒரு சிக்கல் உண்டு. 2019 டிசம்பரில் ப்ளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானது. வோல்டேஜைக் குறைத்தே சிப்பைத் தவறாகக் கணக்குப் போடவைத்து, பூட்டி வைத்த தகவலைத் திருடலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். அதன் பிறகு பல லேப்டாப்களில் அந்த வசதியையே பயாஸில் பூட்டிவிட்டார்கள்.

பூட்டியிருந்தால் ஃப்ரேமுக்கு வரம்பு போடுங்கள். நொடிக்கு 144 ஃப்ரேம் ஓடுகிற ஆட்டத்தை 75-ல் நிறுத்தினால் சூடு சட்டென்று இறங்கும். ஏறி இறங்கும் 144-ஐவிட அசையாத 75 கண்ணுக்கும் சுகம். விண்டோஸ் பவர் செட்டிங்கில் ப்ராசஸர் உச்சத்தை 99 சதவீதம் ஆக்கினால், அடிப்படைக்கு மேல் வேகம் ஏற்றும் டர்போ நின்றுவிடும் என்பதும் உண்மை. ஆனால் அது முரட்டு வைத்தியம். வேகமும் நிறையப் போகும்.

இனி பஞ்சு. வெளியிலிருந்து ப்ளோயர் வைத்து ஊதினால் அந்தப் பட்டை விசிறிப் பக்கம் நகர்ந்து, இரண்டு நாளில் பழைய இடத்துக்கே வந்துவிடும். மூடியைக் கழற்றி, பேட்டரி ஒயரைப் பிரித்து, விசிறியை எடுத்துத்தான் உரிக்க வேண்டும். ஊதும்போது இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் வெறித்தனமாகச் சுழன்றால் பேரிங் போய்விடும். வாரண்டி இருந்தால் திறக்கும் முன் கேட்டுக்கொள்வது நல்லது. தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் அதையும் மாற்றலாம். சூட்டில் இளகிப் படியும் ஃபேஸ்-சேஞ்ச் ஷீட் லேப்டாப்புக்கு இன்னும் பொருத்தம். லிக்விட் மெட்டல் பக்கம் மட்டும் போக வேண்டாம். அதிலுள்ள கேலியம் அலுமினியத்தை அரிக்கும். ஒரு துளி போர்டில் சிந்தினால் ஷார்ட் ஆகிவிடும்.

கிருஷ்ணன்கோவில் பக்கம் அறை எடுத்துத் தங்கும் மாணவர்கள் லேப்டாப்பை மெத்தையில் வைத்து ஆடுவதை விட்டாலே சில டிகிரி இறங்கும். காற்று உள்ளே போகும் வழி அடியில்தான் இருக்கிறது. பின்பக்கத்தை இரண்டு அங்குலம் தூக்கி வைத்தால் போதும், கூலிங் பேட் வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை. ஏர் கூலர் இருந்தால் அறையைக் குளிர்விக்கட்டும், லேப்டாப்பை நோக்கி நேராகத் திருப்பாதீர்கள். சில கூலர்கள் துளி தெறிக்கும்.

சூடு சிப்பைவிட பேட்டரியைத்தான் அதிகம் கெடுக்கிறது. நாள் முழுக்கச் சார்ஜரில் போட்டு ஆடுபவர்கள் சார்ஜ் வரம்பை 80 சதவீதத்தில் வைக்கலாம். டச்பேட் மேலே எழும்பியோ அடிமூடி பிதுங்கியோ தெரிந்தால் பேட்டரி உப்பிவிட்டது. உடனே அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, குத்தாமல் அமுக்காமல் சர்வீஸ் கடைக்கு எடுத்துப்போங்கள். குப்பையில் போட வேண்டாம்.