பட்சி சொன்னால் கேட்கலாமா?

அமெரிக்காவில் ஒரு வீடு. சமையலறைப் பக்கம் தீ. தீயணைப்பு வீரர்கள் உள்ளே புகுந்து தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள். அடங்க வேண்டிய தீ அடங்கவில்லை. முன்னறைக்குப் பின்வாங்கி நின்றபோது, ஏதோ சரியில்லை என்று அணித் தலைவருக்குப் பட்டது. என்ன என்று அவருக்கே தெரியாது. எல்லோரையும் உடனே வெளியேறச் சொன்னார். அவர்கள் வெளியே வந்ததும் வராததுமாக, அதுவரை நின்றிருந்த தரை இடிந்து விழுந்தது. தீயின் மூலம் அவர்கள் காலுக்குக் கீழே, நிலவறையில் இருந்தது. அந்த வீட்டுக்கு நிலவறை உண்டு என்பதையே அவர் அறிந்திருக்கவில்லை.

தனக்கு ஐம்புலன்களைத் தாண்டிய ஏதோ சக்தி இருப்பதாகவே அவர் நம்பினார். உளவியலாளர் கேரி க்ளைன் விடவில்லை. உட்கார்ந்து துருவித் துருவிக் கேட்டார். அப்போதுதான் இரண்டு விஷயங்கள் வெளிவந்தன. அந்தச் சிறிய தீக்கு அறை அவ்வளவு சூடாக இருந்திருக்கக் கூடாது. அவ்வளவு சூட்டுக்குத் தீ அவ்வளவு அமைதியாக இருந்திருக்கவும் கூடாது; தடித்த தரை சத்தத்தை அமுக்கிவிட்டிருந்தது. பல வருடம் தீயோடு பழகிய மனம், கணக்கு உதைக்கிறது என்று கண்டுகொண்டது. காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

நாம் 'பட்சி சொல்லுது' என்கிறோமே, அதில் பெரும்பகுதி இதுதான்: அனுபவத்தில் படிந்த ஞாபகம். சதுரங்கத்தில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டத்தின் நடுவிலிருந்த பலகையை 5 விநாடி காட்டினார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைத் திரும்பச் சரியாக வைத்தார், புதியவர் திணறினார். காய்களை இஷ்டத்துக்குக் கலைத்து வைத்துக் காட்டியபோதோ, தேர்ந்தவரும் புதியவரும் ஏறக்குறைய ஒன்றுதான். அபார மூளை என்று ஒன்றும் இல்லை. பழகிய வடிவங்கள் இருந்தன, அவ்வளவே.

அப்படியானால் எந்த உள்ளுணர்வை நம்புவது? இந்தக் கேள்வியில் இரு துருவங்களாக இருந்தவர்கள் க்ளைனும், பொருளாதார நோபல் பெற்ற உளவியலாளர் டேனியல் கானமனும். ஒருவர் உள்ளுணர்வின் ரசிகர். மற்றவர் அது சறுக்கும் இடங்களையே தேடித் தேடிப் பார்த்தவர். சண்டை போடுவார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில், 2009இல் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். இரண்டு நிபந்தனைகள் வைத்தார்கள். அந்தத் துறையில் நிலையான ஒழுங்கு இருக்க வேண்டும். நம் கணிப்பு சரியா தப்பா என்று மறுமொழி கிடைத்து, அந்த ஒழுங்கைப் பழகிக்கொள்ள வாய்ப்பும் இருந்திருக்க வேண்டும்.

பச்சிளங்குழந்தைகள் பிரிவில் பல காலம் வேலை பார்த்த நர்ஸ், 'இந்தக் குழந்தை சரியில்லை டாக்டர்' என்றால் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அவர் பழகிய பிரிவு இந்த நிபந்தனைகளுக்குப் பொருந்துகிறது. 'இந்தப் பங்கு ஏறும்னு மனசு சொல்லுது' என்பவர் சொல்வதை அப்படிக் கேட்க வேண்டியதில்லை. அவருக்குள்ள உறுதி நர்ஸுக்கு இருப்பதைவிட அதிகமாகக்கூட இருக்கலாம். மனத்தில் தோன்றும் உறுதி அது சரி என்பதற்குச் சாட்சி ஆகாது. என் பார்வையில், இதில் மிகவும் ஏமாற்றுவது அந்த உறுதிதான்.

இதோடு இன்னொரு கணக்கும் உண்டு: கேட்பதால் என்ன நஷ்டம்? போலீஸ் என்று சொல்லி வீடியோ அழைப்பில் மிரட்டிப் பணம் கேட்பவரிடம் ஏதோ இடிக்கிறது என்று தோன்றினால், காரணம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், இணைப்பைத் துண்டியுங்கள். போகப்போவது ஒன்றுமில்லை. அந்த அணித் தலைவர் தவறாகவே கணித்திருந்தாலும் சில நிமிடங்கள்தான் வீணாகியிருக்கும். ஆனால் 'பார்த்ததும் பிடிச்சுப்போச்சு' என்று சேமிப்பை எல்லாம் கொட்டி நிலம் வாங்குவது வேறு கதை. அங்கே வில்லங்கச் சான்றிதழ்தான் பேச வேண்டும், பட்சி அல்ல.

ஆட்களை எடைபோடும்போது என்ன செய்வது? 1955இல் இஸ்ரேல் ராணுவத்தில் 21 வயது இளைஞராக இருந்த கானமனிடம், புதிதாகச் சேர்பவர்களை நேர்காணும் முறையைச் சீரமைக்கும் பொறுப்பு வந்தது. பேசிப் பார்த்து ஆளை எடைபோடும் பழைய முறை பலன் தரவில்லை. ஆறு குணங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கேள்வி கேட்டு மதிப்பெண் போடச் சொன்னார். நேர்காணல் செய்தவர்களுக்குக் கோபம். எங்களை இயந்திரமாக்குகிறாயா என்று முறையிட்டார்கள். சரி, எல்லாம் முடிந்த பிறகு கண்ணை மூடி, அந்த ஆளைச் சிப்பாயாக மனத்தில் பார்த்து ஒரு மதிப்பெண் போடுங்கள் என்று விட்டுக்கொடுத்தார். முடிவு அவரையே வியக்கவைத்தது. கண்ணை மூடிப் போட்ட மதிப்பெண், ஆறு மதிப்பெண்களின் கூட்டுத்தொகைக்குச் சற்றும் சளைக்கவில்லை.

வேலைக்கு ஆள் எடுப்பதானாலும் வாடகைக்கு வீடு பார்ப்பதானாலும் இந்த வரிசையை மாற்றாதீர்கள். முக்கியமான ஐந்தாறு விஷயங்களை எழுதி, தனித்தனியே மதிப்பெண் போடுங்கள். கண்ணை மூடுவது அதற்கு அப்புறம்.